எல்லைக்கோட்டில் ஒரு வாள் மெசின்

தயாளினியின் வாள் மெசினில், பலகை வைத்து வெட்டும் தட்டு அவளுடைய காணியில் இருந்தது. மோட்டர் அவளுடைய மச்சாள் உதயகலாவின் காணியில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக இது ஒருவருக்கும் தெரியாது. ஒரு புதன்கிழமை நில அளவையாளர் வந்து, பழைய எல்லைக்கல் இரண்டையும் மண்ணுக்குள் தேடிப் பிடித்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு நூல் கட்டியபோதுதான் தெரிந்தது. நூல் கறிவேப்பிலை மரத்தை உரசிக்கொண்டு வந்து, தகரக் கொட்டிலின் இடுப்பளவு சுவரைத் தாண்டி, மெசினின் கழுத்துக்கு மேலால் போய், மறுபக்கம் இறங்கிக் கிணற்றடிக்குப் போனது.

“பாத்தீரே,” என்றாள் உதயகலா. “இவ்வளவு நாளும் என்ரை காணிக்குள்ளை இருந்துகொண்டுதான் எனக்குத் தலையிடி தந்திருக்கு.”

கோண்டாவிலில், இணுவில் தொடங்குகிற ஒழுங்கைக்குக் கிட்ட இருந்த அந்த வளவு முன்பு ஒரே காணி. பாதியை உதயகலாவுக்குச் சீதனமாக எழுதிய தகப்பன், மற்றப் பாதியை மகன் றஞ்சித்துக்கு விட்டார். றஞ்சித் இணுவிலில் கலியாணம் கட்டி, தயாளினியை இங்கே கூட்டிக்கொண்டு வந்தான். அக்காவும் தம்பியும் நடுவில் வேலி போடவில்லை. போட வேண்டிய தேவை வரவில்லை. றஞ்சித் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. இப்போது உதயகலாவின் மகள், லண்டனில் இருப்பவள், நல்லூர்த் திருவிழாவுக்கு வரமுன்னர் மதில் கட்டி முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

“யாகோப்பு மேசன் அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் வாறார். அதுக்கு முன்னம் உந்தப் பெட்டி மெசினை எடுத்துப்போடும், மச்சாள்.”

“எங்கை வைக்கிறது?”

“அது உம்மடை யோசினை.”

தயாளினி யோசித்துப் பார்த்தாள். அவளுடைய பாதியில் வீடு, கிணற்றின் அரைவாசி, மலக்குழி, காய்க்கிற முருங்கை ஒன்று, இவற்றுக்கு நடுவே ஆள் நடக்க ஒரு பாதை. மெசினோ நூற்றுமுப்பது கிலோ. வார்ப்பிரும்புக் கால், வார்ப்பிரும்புக் கழுத்து, வார்ப்பிரும்புக் கை. வீட்டு விறாந்தையில் வைத்தால் அது ஆடுகிற ஆட்டத்தில் ஓடு இறங்கும். அதனால்தான் றஞ்சித் கொட்டிலுக்குள் கொங்கிறீற் போட்டு, அது காயமுன்னர் நான்கு போல்ற் நட்டு, மெசினை அதில் இறுக்கியிருந்தான். அங்கிருந்து எடுத்தால் அது போகக்கூடிய இடம் ஒன்றுதான்: கிழமைக்கு ஒரு தரம் ஒலிபெருக்கி பூட்டிக்கொண்டு ஒழுங்கையால் வருகிற பழைய இரும்பு லொறி.

கையிலே பன்னிரண்டு நாள் இருந்தது.

உதயகலா அதைப் பெட்டி மெசின் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அது முன்பு சவப்பெட்டிக் கடை ஒன்றில் நின்றது. பெட்டியின் மூடியில் ஒட்டுகிற சிலுவை, ஓரத்தில் ஓடுகிற பூக்கொடி, தலைமாட்டில் வைக்கிற, சிறகு விரித்த சம்மனசு எல்லாம் அதில்தான் வெட்டினார்கள். கடைக்காரர் புது மெசின் எடுத்தபோது றஞ்சித் இதை வாங்கி லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தான். வாசலில் நின்ற உதயகலா, மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் உள்ளே விடமாட்டேன் என்று வழி மறித்தாள். தெளித்தாள். தெளித்த தண்ணீர் மோட்டருக்குள் போய், முதல் மூன்று நாள் அது ஓடவில்லை.

பெயர் என்னவோ ஸ்குறோல் சோ. தையல் மெசினைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். ஊசி இருக்கிற இடத்தில் மெல்லிய கம்பி போல ஒரு வாள். மேலும் கீழும் இழுத்துக் கட்டியிருக்கும். பெல்ற் சுற்ற, வாள் மேலும் கீழும் ஓடும். பலகையை அதற்குள் கொடுத்துத் திருப்பினால் எந்த வளைவும் வெட்டலாம். பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் மரத்தூளை ஊதிக்கொண்டே இருக்கும், கோடு மறையாமல். ஒரே ஒரு சட்டம்தான்: பலகையைத் தள்ளக்கூடாது. வாள் தின்னுகிற வேகத்துக்குக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ‘டிங்’ என்று அறுந்து, கன்னத்துக்குப் பக்கத்தால் போகும்.

றஞ்சித்துக்கு அந்தச் சட்டம் கடைசிவரை பிடிபடவில்லை. அவன் தள்ளுகிறவன். சைக்கிளையும் தள்ளுவான், கதவையும் தள்ளுவான், கதையையும் தள்ளுவான். பத்து வருடத்தில் பதினொரு யானை வெட்டினான். பதினொன்றுக்கும் தும்பிக்கை இல்லை. மிஞ்சியதைப் பன்றி என்று சொல்லி இனசனத்துக்குக் கொடுத்தான். அவர்களும் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்கள்.

அவன் போன பிறகு எட்டு மாதம் மெசின் படங்குக்குக் கீழே கிடந்தது. ஒரு பின்னேரம் தயாளினி படங்கை இழுத்தாள், வாளை மாட்டினாள், சுவிச்சைப் போட்டாள். பழைய சத்தம் அப்படியே எழும்பியது. அரை நிமிடம் இருக்காது, உதயகலா ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்து கொட்டில் வாசலில் நின்றாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“நீரே ஓட்டுறது?” என்றாள்.

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அடுத்த நாளிலிருந்து அவளுக்கு அந்தச் சத்தம் தலையிடி.

தயாளினி நன்றாகவே வெட்டினாள். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் முப்பத்தொரு வருடம் இருந்தவள். கோட்டுக்கு மேலால் போய்க் கோட்டை விட்டு விலகாமல் திரும்பி வருவது அவளுக்குத் தொழில். கதவுக்கு இலக்கம், சாமியறைக்கு ஓம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தும்பிக்கை உள்ள யானை என்று ஒரு வருடம் ஓடியது.

நில அளவையாளர் போன அடுத்த நாள் தாரிகா வந்தாள். ஒழுங்கை முடக்கில் உள்ள முன்பள்ளியின் ரீச்சர் அவள். கோண்டாவில் பிள்ளைகளும் இணுவில் பிள்ளைகளும் படிக்கிற இடம். அடுத்த கிழமைச் சனிக்கிழமை பெற்றோர் தினம்.

“அன்ரி, எங்களிட்டை இருக்கிற பொருத்துற பசில் எல்லாம் வெளியாலை இருந்து வந்தது. ஒண்டிலை பனி மனுசன், மற்றதிலை பென்குயின். எங்கடை ஊருகளை வைச்சு ஒண்டு செய்து தாருங்கோ. கொக்குவிலிலை இருந்து தெல்லிப்பழை மட்டும். பிள்ளை தன்ரை ஊரைத் தூக்கிக் கையிலை வைச்சிருக்க வேணும்.”

இரும்பு லொறிக்குப் போகப்போகிற மெசினுக்கு இதைவிட நல்ல கடைசி வேலை கிடைக்காது என்று தயாளினி நினைத்தாள். கேட்டவுடன் ஓம் என்றாள். ஒட்டுப்பலகை ஒன்று எடுத்து, தன்னிடம் இருந்த வரைபடத்தைப் பெருப்பித்து ஒட்டி, இரண்டு நாள் இருந்து வெட்டினாள். கொக்குவில், தாவடி, கோண்டாவில், இணுவில், உடுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, இன்னும் சுற்றியுள்ள ஊர்கள். பதினான்கு துண்டு. ஒவ்வொரு எல்லையும் அரசாங்க எல்லை. ஒரு மயிரிழை பிசகவில்லை. எட்டு ஊருக்கு மஞ்சளும் ஆறு ஊருக்குப் பச்சையும் பூசி, ஞாயிறு காயவைத்து, திங்கள் காலை கொடுத்தாள்.

திங்கள் பின்னேரம் தாரிகா போனில் கோல் எடுத்தாள்.

“அன்ரி, படம் வடிவாயிருக்கு. ஆனால் ஒரு பிள்ளை தும்மினவுடனை சுன்னாகம் மேசைக்குக் கீழை போட்டுது.”

“தும்மலுக்கோ?”

“ஓம் அன்ரி. மல்லாகத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறம்.”

தயாளினிக்கு விளங்கியது. பொருத்துப் படம் என்றால் துண்டுக்குத் துண்டு குமிழ் இருக்க வேண்டும். ஒன்றின் குமிழ் மற்றதின் பள்ளத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டால்தான் நிற்கும். அவள் வெட்டியது நேர்மையான எல்லை. நேர்மையான எல்லை எதையும் பிடித்து வைத்திருக்காது.

“குமிழ் வைச்சால் எல்லை வளைஞ்சு போகுமே, பிள்ளை. அது அரசாங்கக் கசெற்றிலை இருக்கிற எல்லை.”

“அன்ரி, மூண்டு வயசுப் பிள்ளையள் கசெற் வாசிக்கிறேல்லை.”

முப்பத்தொரு வருட அரசாங்கச் சேவையில் தயாளினி ஒருவருக்கும் ஒரு அங்குலம் கூட்டிக் கொடுத்ததில்லை. அன்றைக்கு விளக்கு வைத்த கையோடு இருந்து, பதினான்கு ஊருக்கும் குமிழ் வரைந்தாள். ஆளுக்கு ஒன்று. மல்லாகத்தின் குமிழைத் தெல்லிப்பழைக்குள் விட்டாள், உடுவிலின் குமிழைச் சுன்னாகத்துக்குள் விட்டாள். கை தன்பாட்டில் போனது. செவ்வாய் விடியமுன்னரே வெட்டத் தொடங்கினாள். குமிழ் வெட்டுவது எல்லை வெட்டுவதுபோல இல்லை. கழுத்து ஒடுங்கி, தலை விரிந்து, மறுபடி கழுத்துக்கு வர வேண்டும். பலகையை ஒரே சீராகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், நடுவில் மூச்சு விட்டால் அந்த இடத்தில் பல் விழும். நான்கு வாள் அறுந்தது. ஆனால் வெட்டி முடித்துப் பொருத்தித் தூக்கியபோது, பதினான்கு ஊரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே பலகையாக எழும்பி வந்தன. அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து உலுப்பிப் பார்த்தாள். ஒரு ஊரும் விழவில்லை.

நிறம் பூசி மதியம் கிணற்றுக்கட்டில் காயவைத்தாள். தண்ணீர் அள்ள வந்த உதயகலா குனிந்து பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“மச்சாள், இஞ்சை வாரும்.”

தயாளினி வந்தாள்.

“உது என்ன?”

“இணுவில்.”

“அது தெரியுது. இணுவிலிலை இருந்து எங்கடை கோண்டாவிலுக்குள்ளை என்ன நீட்டிக்கொண்டு நிக்குது?”

“அது குமிழ். பூட்டுறதுக்கு.”

“அந்தக் குமிழுக்குள்ளை என்ன இருக்கு எண்டு பாத்தீரே?”

தயாளினி பார்த்தாள். ஒழுங்கை முடக்கு. அதற்குக் கிழக்கே ஒரு புள்ளி. புளியடி வைரவர் கோயில்.

“எப்ப மச்சாள் வைரவரை இணுவிலுக்குச் சீதனமாக் குடுத்தனாங்கள்?” உதயகலாவின் குரல் உயரவில்லை. உயராமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. “எங்கடை அப்பு அந்தக் கோயிலுக்குக் கிணறு கட்டினவர். வருசத்திலை ஒரு பொங்கல் எங்கடை. நீர் முப்பத்திநாலு வருசமாக் கோண்டாவில் தண்ணியைக் குடிச்சுப்போட்டு, வைரவரைத் தூக்கி உம்மடை ஊராக்களுக்குக் குடுக்கிறீர்.”

“நான் பாத்து வைக்கேல்லை. கை அப்பிடிப் போட்டுது.”

“அதைத்தான் சொல்லுறன். கை அங்கைதான் போகும்.”

“இது மூண்டு வயசுப் பிள்ளையள் விளையாடுறது, மச்சாள்.”

“அதுதான் கூடாது. பெரிய ஆளுக்குப் பிழையாச் சொன்னால் மறந்திடும். சின்னனிலை கையாலை பிடிச்சுப் பழகினது போகுமே? இன்னும் இருபது வருசத்திலை உந்தப் பிள்ளையள் வளந்து வந்து, வைரவர் இணுவிலாக்களின்ரை எண்டு கேசு போடும்.”

தயாளினி சேலைத் தலைப்பால் கையிலிருந்த மஞ்சள் நிறத்தைத் துடைத்தாள். “சரி. திரும்ப வெட்டலாம். ஆனால் நீங்கள் மெசினை எடுக்கச் சொல்லியிருக்கிறியள்.”

“திங்கள்தானே யாகோப்பு வாறார். இண்டைக்குச் செவ்வாய். வைரவரை மீட்டுத் தந்திட்டு மெசின் போகட்டும்.”

அன்று பின்னேரமும் புதன் முழுக்கவும் உதயகலா கொட்டிலில் கதிரை போட்டு இருந்தாள். தலையிடி வரவில்லை. குமிழ் இம்முறை கோண்டாவிலிலிருந்து இணுவிலுக்குள் போக வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதிலும் அவளுக்கு அபிப்பிராயம் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் விடும்.”

“காணும் மச்சாள். கழுத்து உடைஞ்சிடும்.”

“உடையாது. பலமான ஊர்.”

வியாழக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்றைக்கென்று முன்பள்ளித் தலைவர் தியாகராசாவும் வந்திருந்தார். இளைப்பாறிய தபாலதிபர், பிறந்ததும் இருப்பதும் இணுவில். பிள்ளைகளின் அரையடி உயரக் கதிரை ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்துகொண்டு படத்தைப் பார்த்தார். நல்லது, நல்லது என்று தெல்லிப்பழையிலிருந்து கீழே இறங்கி வந்தவர், இணுவிலில் நின்றார். பிறகு விரலை வைத்தார்.

“இதாலை போற ஒழுங்கை ஆற்றை?”

“இணுவில் ஒழுங்கை,” என்றாள் தயாளினி.

“இந்தக் குமிழ் ஆற்றை?”

“கோண்டாவில்.”

“அப்ப என்ரை மிளகாய்த் தோட்டம் எங்கை, தங்கச்சி?”

தியாகராசாவின் நகம், கோண்டாவிலின் குமிழுக்கு நடுவில் நின்றது.

“விடிய மிளகாய்க்குத் தண்ணி மாறிப்போட்டு வந்தனான். வரேக்கை இணுவிலிலைதான் இருந்தது.”

“அது பூட்டுறதுக்கு ஐயா,” என்றாள் தாரிகா.

“பூட்டுறதெண்டால் உங்கடை பக்கத்திலை பூட்டுங்கோவன். ஏன் என்ரை தோட்டத்துக்குள்ளை வந்து பூட்டுறியள்?”

உதயகலாவும் ஒரு குட்டிக் கதிரையை இழுத்து அவருக்கு எதிரே இருந்தாள். “முன்னம் உங்கடை ஆக்கள் வைரவரைக் கொண்டுபோகேக்கை ஆரும் கேக்கேல்லை.”

“எப்ப கொண்டுபோனது?”

“செவ்வாய்க்கிழமை.”

“நான் கேள்விப்படேல்லையே.”

“நான் பாத்தபடியால் தப்பினது.”

இருபத்திரண்டு பிள்ளைகளும் களிமண்ணை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்று, இரண்டு பெரிய ஆட்கள் தங்களுடைய கதிரைகளில் இருந்து சண்டை பிடிப்பதைப் பார்த்தார்கள். தியாகராசா தன்னுடைய காணி உறுதியை எடுத்து வரலாம் என்றார். உதயகலா தன்னுடைய உறுதி அதைவிடப் பழையது என்றாள். குமிழே வேண்டாம் என்று தியாகராசா சொல்ல, குமிழ் இல்லாவிட்டால் மல்லாகம் காணாமல் போகும் என்று தாரிகா சொன்னாள். திங்களன்று காணாமல் போன முதல் மல்லாகம் இதுவரை வரவும் இல்லை.

தயாளினி பிள்ளைகளின் கொப்பி ஒன்றிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கிழித்தாள்.

“ஐயா, ஒண்டு செய்வம். ஒரு எல்லைக்கு ரண்டு குமிழ். ஒண்டு கோண்டாவிலிலை இருந்து இணுவிலுக்குள்ளை. ஒண்டு இணுவிலிலை இருந்து கோண்டாவிலுக்குள்ளை. ரண்டும் ஒரே அளவு. ஒருத்தருக்கும் கூடாது, குறையாது. ரண்டு பூட்டு எண்டால் இன்னும் இறுக்கமா நிக்கும்.”

“வைரவர்?” என்றாள் உதயகலா.

“வைரவர் கோண்டாவிலிலை. குமிழை அவருக்கு வடக்காலை கொண்டுபோறன்.”

“தோட்டம்?” என்றார் தியாகராசா.

“தோட்டம் இணுவிலிலை. குமிழ் சும்மா கிடக்கிற பத்தைக் காணிக்குள்ளாலை போகும்.”

“பத்தைக் காணி ஆற்றை?”

“கனடாவிலை இருக்கிற ஆக்களின்ரை.”

“அப்ப பரவாயில்லை.”

ஆனாலும் தியாகராசா சும்மா விடவில்லை. அவள் வரைந்த இரண்டு குமிழிலும் கட்டங்களைப் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினார். உதயகலா அவர் எண்ணியதை எண்ணினாள். முப்பத்தொரு கட்டமும் முப்பத்தொரு கட்டமும். அரைக் கட்டங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் கதை நடந்தது. கடைசியில் ஒரு பிள்ளை வந்து, அந்தக் கட்டத்துக்குச் சிவப்புப் பூசிவிட்டுப் போனது. அத்தோடு விட்டார்கள்.

வியாழன் பின்னேரமும் வெள்ளியும் தயாளினி மூன்றாவது தரம் வெட்டினாள். இம்முறை எல்லா எல்லைக்கும் இரண்டு குமிழ், ஏனென்றால் கோண்டாவிலுக்கும் இணுவிலுக்கும் கொடுத்ததை உடுவில் கேட்டால் மறுக்க முடியாது. கையிலிருந்த கடைசி வாளில்தான் தெல்லிப்பழையை வெட்டி முடித்தாள். சனிக்கிழமை பெற்றோர் தினத்தில் ஒரு சின்னப் பெட்டை கோண்டாவிலைத் தூக்கித் தலைக்கு மேல் காட்டிவிட்டு, திரும்ப வைக்கமாட்டேன் என்று அழுதாள். உதயகலா எழும்பி நின்று கை தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டிலில் சத்தம் இல்லை. தயாளினி மெசினைத் துடைத்தாள். பெல்ற்றைக் கழற்றிச் சுற்றி வைத்தாள். ஊதுகிற குழாய்க்குள் இருந்த தூளை ஈர்க்கால் எடுத்தாள். விற்கிற பொருளை இப்படித் துடைக்கத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். இரும்பு லொறிக்காரன் நிறுக்கிறவன், பார்க்கிறவன் இல்லை.

திங்கள் காலை ஏழரைக்கு யாகோப்பு மேசன் குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நூல் கட்டிவிட்டு, கொட்டிலுக்குள் வந்து, மெசினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தொப்பியைக் கழற்றினார்.

“அக்கா, உது எங்கடை ஊர்ப் பெட்டிக்காரரிட்டை நிண்டது எல்லே?”

“ஓம்.”

“எங்கடை அப்பாவின்ரை பெட்டிச் சிலுவை உதிலைதான் வெட்டினது. நான் பக்கத்திலை நிண்டனான். ‘பெரிசா வை, மனுசன் பெரிய ஆள்’ எண்டு அம்மா சொன்னவ. பெரிசா வைச்சு, பெட்டி மூடி பாரம் தாங்காமல், ஆறு பேர் தூக்கிற பெட்டியை எட்டுப் பேர் தூக்கினம்.” தட்டின் ஓரத்தை விரலால் தடவினார். “நல்ல இரும்பு.”

“எடுத்துப் போடவேணும், யாகோப்பு,” என்றாள் உதயகலா வாசலிலிருந்து.

யாகோப்பு ஸ்பானர் போட்டார். முதலாவது நட்டு அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. ஸ்பானரின் வாலில் குழாய் ஒன்றைச் செருகி, அதில் தொங்கினார். ஸ்பானர் வழுக்கி, அவர் மரத்தூளுக்குள் பொத்தென்று இருந்தார். தயாளினி எண்ணெய் விட்டாள். கால் மணித்தியாலம் பொறுத்து மறுபடி தொங்கினார். மறுபடி இருந்தார்.

“சுத்தியலாலை அடிச்சு உடைக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, எழும்பித் தூளைத் தட்டினார். “ஆனால் நான் அடிக்கமாட்டன். அப்பாவின்ரை சிலுவை வெட்டினது. வேறை ஆளைப் பிடியுங்கோ.” நான்கு போல்ற்றையும் இன்னொரு தரம் பார்த்தார். “ஆர் உதை இறுக்கினது?”

“தம்பி,” என்றாள் உதயகலா.

“என்ன மனுசன் இது. திரும்பக் கழட்டுற யோசினையே இல்லாமல் இறுக்கியிருக்கிறார்.”

“அவன் அப்பிடித்தான்.” உதயகலா உள்ளே வந்தாள். குனிந்து ஒரு நட்டைத் தொட்டாள். எண்ணெய் விரலில் ஒட்டியது. அதைச் சேலையில் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். “சைக்கிள் சீற்றை எனக்கு இறக்கித் தாடா எண்டு கேட்டு, இறக்கி இறுக்கித் தந்தான். நான் கலியாணம் கட்டிப்போகும் மட்டும் அது பிறகு ஏறேல்லை.”

தயாளினி எண்ணெய்ப் போத்தலை மூடினாள். யாகோப்பு ஸ்பானரைத் துணியில் சுற்றினார்.

“இப்ப நான் என்ன செய்யிறது?” என்று கேட்டார். “மதில் நேராப் போகவேணுமெண்டால் மெசின் போகவேணும். மெசின் நிக்கவேணுமெண்டால் மதில் போகேலாது.”

“கொஞ்சம் பொறுங்கோ,” என்று தயாளினி வீட்டுக்குள் போய், கட்டத் தாள் ஒன்றோடு வந்தாள். இரவு வரைந்தது. கொடுப்பதா விடுவதா என்று காலைவரை தெரியாமல் மடித்து வைத்திருந்தாள். மெசினின் தட்டில் விரித்தாள். அதில் இரண்டு காணியும் நடுவில் எல்லையும் இருந்தன. எல்லை கொட்டிலுக்குக் கிட்ட வந்ததும் உதயகலாவின் பக்கம் வளைந்து, கொட்டிலைச் சுற்றி, பழைய இடத்துக்கு வந்தது. பிறகு கிணற்றடிக்கு முன்னால், தயாளினியின் பக்கம் அதே அளவு வளைந்து திரும்பியது.

உதயகலா கண்ணாடியைப் போட்டாள்.

“உது குமிழ்.”

“ஓம்.”

“என்ரை காணிக்குள்ளை குமிழ் விடுறீர்.”

“உங்களுக்கும் ஒண்டு என்ரை காணிக்குள்ளை விட்டிருக்கு. கட்டம் எண்ணிப் பாருங்கோ. ஒரு கட்டம் அரையடி.”

உதயகலா எண்ணினாள். முதலில் தன் பக்கத்திலிருந்து போகிறதை, பிறகு தனக்கு வருகிறதை. யாகோப்புக்குத் தேத்தண்ணி வந்தது, குடித்தார், கோப்பை திரும்பிப் போனது. அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ரண்டு கட்டம் குறையுது.”

“அது அரைக் கட்டங்கள், மச்சாள். சேத்து எண்ணவேணும்.”

“சேத்துத்தான் எண்ணினனான். ரண்டு கட்டம் குறையுது.” அவள் தாளில் பென்சிலை வைத்து, தனக்கு வருகிற குமிழைக் கொஞ்சம் பெருப்பித்தாள். பென்சில் போய் நின்ற இடத்தைத் தயாளினி பார்த்தாள். முருங்கை.

அந்த முருங்கை கிழமைக்கு நாற்பது காய் கொடுக்கிறது. தயாளினியே நட்டு, மூன்று புயலுக்குக் கயிறு கட்டி வைத்திருந்தவள். இரண்டு கட்டம் குறையவில்லை என்பதும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். முப்பத்தொரு வருடம் அளந்தவள்.

“சரி,” என்றாள். “ரண்டு கட்டம் குறையுதுதான்.”

“கொப்பு உம்மடை பக்கம் வந்தாலும் காய் என்ரை.”

“உங்கடை.”

“இலை பிடுங்கலாம். கேட்டுப்போட்டுப் பிடுங்கவேணும்.”

“கேக்கிறன்.”

“அப்ப கட்டும்,” என்று யாகோப்பைப் பார்த்துச் சொன்னாள்.

யாகோப்பு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முப்பது வருசமா மதில் கட்டுறன் அக்கா. பாம்பு மாதிரி ஒண்டு இதுவரை கட்டேல்லை. வளைவுக்கு எல்லாக் கல்லும் அரைக் கல்லா வெட்டவேணும். ரண்டு கிழமை கூட எடுக்கும். உங்கடை மகள் என்ன சொல்லுவா?”

மகள் சொன்னாள். மதில் அரைவாசி எழும்பிய அன்று வீடியோக் கோலில் பார்த்துவிட்டு, “அம்மா, என்ன உது? மதிலுக்கு வயிறு வைச்சிருக்கு” என்றாள்.

“அது தெரிஞ்சுதான் கட்டினது.”

“நேராக் கட்டச் சொல்லித்தானே சேவயரைப் பிடிச்சனாங்கள்?”

“சேவயர் கோடு சரி. ஆனால் நேரா வெட்டினால் ஒண்டையொண்டு பிடிக்காது பிள்ளை. இந்த மதிலை ஆரும் தள்ளி விழுத்தட்டும் பாப்பம். நீ வந்து பாரன்.” என்று சொல்லி, கமராவைத் திருப்பி முருங்கையைக் காட்டினாள். “இது இப்ப எங்கடை.”

புது வாள் இரண்டு டசின் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. மதில் ஆளுயரத்துக்கு வந்த அன்று, கொட்டிலுக்குள் தயாளினி பெல்ற்றைத் திரும்ப மாட்டி, உடுவில் முன்பள்ளி ஒன்று கேட்ட படத்துக்கு வேலை தொடங்கியிருந்தாள். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வளைவில் கடைசி வரிசைக் கல் வைத்துக்கொண்டிருந்த யாகோப்புக்குப் பின்னால் உதயகலா வந்து நின்றாள்.

“அந்தக் கல்லை வையாதையும்.”

“எந்தக் கல்லை?”

“கொட்டிலுக்கு நேரை. அதிலை ஒரு ஓட்டை விடும். ஆள் தலை விட்டுப் பாக்கிற அளவுக்கு.”

“ஓட்டை விட்டால் சத்தம் அப்பிடியே உங்கடை பக்கம் வருமே அக்கா. தலையிடி எண்டு சொன்னனீங்கள்.”

“வரட்டும். அவ என்ன வெட்டுறா எண்டு ஆராவது பாக்கவேணும். இணுவிலாள். ஒரு கண் வைச்சிருக்கவேணும்.”

யாகோப்பு ஈரம் காயாத இரண்டு கல்லை எடுத்துக் கீழே வைத்தார். உதயகலா அந்த வெளியால் தலையை விட்டுப் பார்த்தாள். தயாளினியின் கையும் பலகையும் தெரிந்தன. அவள் தலையை வெளியே எடுத்தாள்.

“இன்னும் ஒரு கல் எடும். மோட்டர் தெரியேல்லை.”